வளரும் பிள்ளைகளும் இரும்புச் சத்துக் கணக்கும்

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண் பிள்ளைகளில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஆண் பிள்ளைகளில் 31. 'சத்தா சாப்பிடு' என்றால் அவர்கள் காதில் ஏறாது. 'நிறைய விற்கணும்' என்பது வியாபாரத்தில் இலக்காகுமா? எவ்வளவு, எத்தனை நாளில் என்று வேண்டாமா?

'வாரம் 4 நாள் முருங்கைக்கீரை, கூடவே எலுமிச்சை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் டீ கிடையாது' என்பது இலக்கு. கீரை கிடைக்காத ஊரில் காராமணி, கொண்டைக்கடலை. தாவர இரும்பு உடம்பில் சேர வைட்டமின் சி உதவும். டீயிலுள்ள டானின் தடுக்கும். (டீயை நிறுத்தினால் முதல் கோபம் பெரியவர்களுக்குத்தான்!) இதைப் பிள்ளையே நோட்டில் எழுதணும், நாம் எழுதினால் அது நம் கணக்கு. எடைக் குறைப்பை மட்டும் எழுத விடாதீர்கள், வளரும் உடம்பு. மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தால் சாப்பாட்டோடு நிற்காமல் டாக்டரிடம் காட்டணும்.