உதவியவர் பெயரைக் கேட்டீர்களா?



ஒரு காலத்தில் சைக்கிள் இல்லாத லயத்து வீடு உண்டா? பெரட்டுக்குப் போக, பட்டணத்தில் அரிசி வாங்க, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட, எல்லாவற்றுக்கும் அதுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, வாசலுக்கு வாசல் மோட்டார் சைக்கிள் நின்றாலும், சைக்கிளை விடாத தோழர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வாரம் அவர்களுக்காக எழுதுகிறேன்.

1993-ஆம் ஆண்டு எனக்கு ஆறாம் வகுப்புச் சோதனை. தோட்டப் பள்ளி சின்னது. சோதனை பட்டணத்துப் பள்ளியில். அப்பா என்னைப் பின்னால் உட்கார வைத்து மிதித்தார். பாதி வழியில் பின் சக்கரம் 'புஸ்' என்று இறங்கிவிட்டது. பம்பு வீட்டில் கிடக்கிறது. அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார். நான் அழுதுகொண்டே பின்னால் ஓடுகிறேன்.

மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் வந்த மலாய்க்காரர் ஒருவர் நின்றார். "பஞ்சிட்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான். பெட்டிமேல் என்னைத் தூக்கி வைத்து, வந்த வழியே வண்டியைத் திருப்பினார். ஐஸ் உருகினால் அவர் பிழைப்பு போச்சு. ஆனாலும் பள்ளி வாசலில் விட்டுவிட்டுத்தான் போனார். சட்டையெல்லாம் மீன் வாடையோடு சோதனை எழுதினேன். "அந்த மனுசன் பேரைக்கூடக் கேக்கலியேடா" என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பெயர் கேட்காதது அன்று வெறும் மனக்குறை. இன்று அது நம் வயிற்றுப்பாட்டையே பாதிக்கும்.

அண்மையில் உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அக்கா, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது லோரிக்கு ஒதுங்கிச் சாலையோரக் கானில் விழுந்தார். கால் முறிந்துவிட்டது. இரண்டு கார்கள் நிற்காமலே போயின. நின்றவர் ஒரு வங்காளதேசத் தொழிலாளி. அவரும் சைக்கிளில் வந்தவர்தான். அடுத்து வந்த காரைக் கைகாட்டி நிறுத்தி அக்காவை ஏற்றிவிட்டார். வளைந்துபோன சைக்கிளை அன்றிரவே தோளில் சுமந்து லயத்தில் சேர்த்தார். அக்காவின் மகன் கெட்டிக்காரன். அவர் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வாங்கிக்கொண்டான்.

அந்தத் துண்டுக் காகிதம்தான் கைகொடுத்தது. "கடைக்குப் போனப்ப விழுந்திருக்கும், சொக்சோ கிடைக்காது" என்று ஆபீசில் தட்டிக் கழித்தார்கள். சட்டம் என்ன சொல்கிறது? 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடைப்பட்ட வழியில் நேரும் விபத்தும் வேலை விபத்தே. சைக்கிளில் போனாலும் சரி, நடந்து போனாலும் சரி. ஆனால் சொந்தக் காரியமாக வழி மாறிப் போயிருந்தால் கிடைக்காது. எங்கே விழுந்தோம், எத்தனை மணிக்கு விழுந்தோம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த வங்காளதேசத் தோழர் ஒருநாள் கூலியை விட்டு வந்து சொன்னார். பணம் கிடைத்தது.

"பங்ளாக்காரன் வந்து நம்ம பொழப்பக் கெடுத்துட்டான்" என்று காப்பிக்கடையில் பேசுகிறோமே, கூலியை நிர்ணயிப்பவர் அவரா? 1-1-2019 முதல் அவருக்கும் சொக்சோவில் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. நாளை அவர் கானில் கிடந்தால், அவருக்காகச் சாட்சி சொல்ல நம்மில் எத்தனை பேர் போவோம்?

ஆகவே தோழர்களே, வழியில் விபத்து என்றால் உடனே போலீஸ் புகார் செய்யுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நிர்வாகத்திடம் சொல்லுங்கள், அவர்கள் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். உதவியவரின் பெயரையும் நம்பரையும் மறக்காமல் வாங்குங்கள். நீங்கள் உதவினால் உங்கள் நம்பரை நீங்களே கொடுங்கள்.

என் மோட்டார் சைக்கிள் பெட்டியில் ஒரு கைப்பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் எப்போதும் இருக்கும். பெயர் தெரியாத அந்த மீன்காரருக்கு நான் பட்ட கடனை வேறு எப்படி அடைப்பது?