விழுந்த இடத்தை மறைக்க வேண்டாம்

பனிக்காலம் தொடங்கியதும் இடுப்பெலும்போ மணிக்கட்டோ முறிந்து வரும் முதியோரை எமது விடுதிகளில் அதிகம் காண்கிறோம். எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டால், "வீட்டில்தான்" என்று சுருக்கமாக முடித்துவிடுவார்கள். உறவினர் ஒருவரின் வாசற்படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கிய கதையைப் பிள்ளைகள் சில நாட்களின் பின் தயங்கித் தயங்கிச் சொல்வதுண்டு. வைத்தியசாலைச் செலவு அந்த உறவினரின் தலையில் விழுந்துவிடுமோ என்பது ஓர் அச்சம். நட்டஈடு கிடைத்தால் அதை அரசு எடுத்துக்கொள்ளுமோ என்பது மற்றோர் அச்சம். இவ்விரண்டையும் பற்றி இங்கு விளக்க விரும்புகிறோம்.

ஒன்ராறியோவில் ஓஹிப் காப்புறுதி உள்ளவர் காயமுற்றால், அத்திட்டத்தில் அடங்கும் சிகிச்சைகளின் செலவை மாகாணமே ஏற்கிறது. காயத்துக்குக் காரணம் யார் என்பதால் சிகிச்சை குறைவதில்லை. ஆயினும் இன்னொருவரின் கவனக்குறைவால் காயம் நேர்ந்திருந்தால், மாகாணச் சுகாதாரக் காப்புறுதிச் சட்டம் ஓஹிப்புக்கு ஓர் உரிமையைத் தருகிறது. அதுவரை செலவான தொகையையும், இனிச் செலவாகக்கூடிய தொகையையும், காயமுற்றவரின் இடத்தில் நின்று பொறுப்பாளியிடம் அது கேட்கலாம். வீட்டு வாசலில் நேர்ந்த விபத்தாயின், வீட்டுக்காரர் எடுத்து வைத்திருக்கும் வீட்டுக் காப்புறுதியே வழக்கமாக இத்தகைய கோரிக்கைகளுக்குப் பொறுப்பேற்கிறது.

நீங்கள் வழக்குத் தொடுத்தால், ஓஹிப் வேறுவிதமாக எழுத்தில் அறிவித்தாலன்றி, அதன் கோரிக்கையையும் உங்கள் வழக்கிலேயே சேர்க்க வேண்டும். அது கேட்பது சிகிச்சைச் செலவை மட்டுமே. உங்கள் வலிக்கும், இழந்த ஊதியத்துக்கும் உரிய நட்டஈடு வேறு கணக்கு. எனினும், தவறில் உங்களுக்கும் பங்குண்டு என்று வாதிடப்படும்போதும், எதிர்த்தரப்பின் காப்புறுதித் தொகை போதாதபோதும், யாருக்கு எவ்வளவு என்பது பேசித் தீர்க்க வேண்டியதாகிவிடும். அங்கேதான் சட்டத்தரணியின் துணை மிகவும் தேவைப்படுகிறது.

ஆகவே அவசரமாக எதிலும் கையொப்பமிடாதீர்கள். ஓஹிப் ஒப்புதல் அளிக்காத இணக்கத் தீர்வு அதனைக் கட்டுப்படுத்தாது. சிகிச்சைச் செலவுக்கென ஒரு தொகை உங்கள் கைக்கு வந்தால், அதனைத் தாமதமின்றி மாகாண நிதி அமைச்சருக்குச் செலுத்த வேண்டும். "ஓஹிப்புக்கு அறிவித்தாயிற்றா? இந்தத் தொகையில் அதன் பங்கும் அடங்குமா?" என்ற இரு கேள்விகளையும் கையொப்பமிடுமுன் கேளுங்கள்.

வீதி விபத்துகளில் நடைமுறை வேறு. ஒன்ராறியோவில் காப்புறுதி செய்யப்பட்ட வாகனங்களால் நேரும் காயங்களுக்கு ஓஹிப் பொதுவாக இவ்வாறு கோருவதில்லை. அதற்குப் பதிலாக வாகனக் காப்புறுதி நிறுவனங்கள் ஆண்டுதோறும் மாகாணத்துக்கு ஒரு தொகை செலுத்துகின்றன.

கால எல்லைகளையும் கவனிக்க வேண்டும். தனியார் இடத்தில் பனியில் வழுக்கி விழுந்தால், 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். நகரசபையின் நடைபாதையாயின் 10 நாட்களே உண்டு. இவற்றுக்குச் சில விதிவிலக்குகள் இருந்தாலும் அவற்றை நம்பிக் காத்திருக்க வேண்டாம். வழக்குத் தொடுக்கப் பொதுவாக 2 ஆண்டுகள் உண்டு. நோயாளி கட்டிலில் இருக்கும்போதே இந்நாட்கள் கழிந்துவிடுவதால், பராமரிப்போர் இதனை நினைவில் வைத்திருப்பது நல்லது. ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாக 30 நிமிடங்கள் வரை இலவசமாக ஒரு சட்டத்தரணியுடன் பேசலாம்.

இறுதியாக, சட்டத்துக்கு முன் மருத்துவம். பனியில் வழுக்கி விழுந்தவரும் தலைசுற்றி விழுந்தவரும் எமக்கு ஒருவரல்லர். காரணம் தெரியாதபோது இதயத்தையும், இரத்த அழுத்தத்தையும், உட்கொள்ளும் மருந்துகளையும் நாம் சந்தேகித்துத் தேட நேரிடும். எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்பதை உள்ளபடி எமக்குச் சொல்லுங்கள். அது உறவைக் காட்டிக்கொடுப்பதாகாது. உங்கள் சிகிச்சை சரியான இடத்தில் தொடங்க அது உதவும்.