மறுநாளே ஊன்ற வேண்டிய கால்

பெரியம்மாவுக்கு அப்போது 78 வயது. குளியலறை வாசலில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பு இடுப்புக்குக் கீழே முறிந்து, உள்ளே ராடு வைத்திருந்தார்கள். ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருவர் வாக்கரோடு வந்து, "பாட்டி, எழுந்து நிக்கலாமா?" என்றார். அறையில் இருந்த நாலு பேரும் ஒரே குரலில் தடுத்தோம். நேற்று அறுத்த காலை இன்றைக்கே ஊன்றச் சொல்வது எங்களுக்குக் கொடுமையாகத் தெரிந்தது.

அவர் எங்களோடு வாதாடவில்லை. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, பெரியம்மாவின் கால்களைக் கீழே தொங்கவிட்டுச் சற்று நேரம் உட்கார வைத்தார். படுத்தே கிடந்தவர்கள் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பிறகு வாக்கரைப் பிடித்து இழுக்காமல், மெத்தையில் கையை அழுத்தி எழச் சொன்னார். "முதல்ல வாக்கர். அப்புறம் ஆபரேஷன் பண்ணின கால். அப்புறம் நல்ல கால்." பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று அடி வைத்தார்.

அந்த மூன்று அடியும் சிகிச்சைதான் என்பது பிறகு தேடிப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பிரிட்டனில் 2011இல் வந்த மருத்துவ வழிகாட்டுதல், இடுப்பு முறிவோடு வருபவருக்கு அன்றோ மறுநாளோ அறுவை செய்யவும், அதற்கு அடுத்த நாளே நடைப் பயிற்சி தொடங்கவும் சொல்கிறது. எலும்பின் நடுக்குழலில் இறக்கும் ராடு உடல் எடையைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. முறிவு தொடை எலும்பின் கழுத்தில் என்றால் கதை வேறு. அங்கே எலும்பு விலகினால் மூட்டுப் பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அறுந்து, பந்தே பட்டுப்போகலாம். அதனால் வயதானவர்களுக்குப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்துகிறார்கள். கூடிவரக் காத்திருக்க அங்கே எலும்பே இல்லை. டாக்டர் குறிப்பாக வேண்டாம் என்று சொன்னாலொழிய, காலை ஊன்றலாம்.

படுத்தே கிடந்தால் என்ன ஆகும்? 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த, சராசரியாக 67 வயதுக்காரர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துபோயிருந்தது. நோயோ வலியோ இல்லாதவர்களுக்கே அந்தக் கதி. இதோடு நுரையீரலின் அடியில் சளி தேங்கும், காலில் ரத்தம் உறையும், முதுகில் படுக்கைப் புண் வரும். நல்ல வசதியுள்ள நாடுகளிலேயே இந்த முறிவுக்குப் பின் ஓராண்டுக்குள் நான்கைந்து பேரில் ஒருவர் இறந்துபோகிறார். "அசையாம படுங்க" என்று நாம் பாசத்தோடு சொல்வதை நினைத்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது.

இரண்டாம் நாள் இரவு பெரியம்மா, எப்போதோ இறந்துபோன பெரியப்பாவைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினார். ஒரு சொந்தக்காரர் திருநீறு பூசினார், இன்னொருவர் புத்தி பேதலித்துவிட்டது என்று அழுதார். இது அறுவைக்குப் பின் முதியவர்களுக்கு அடிக்கடி வரும் தற்காலிக மனக்குழப்பம். வலி, மலச்சிக்கல், சிறுநீர் போக மாட்டிய குழாய், தூக்கமின்மை, நீர்ச்சத்துக் குறைவு எல்லாம் சேர்ந்து மூளையைத் தடுமாற வைக்கின்றன. 2001இல் வெளியான பாஸ்டன் ஆய்வொன்றில், இடுப்பு முறிவு நோயாளிகளை முதியோர் மருத்துவர் தினமும் வந்து பார்த்து இவற்றைக் கவனித்தபோது, குழப்பம் வந்தவர்கள் 50 சதவீதத்திலிருந்து 32 ஆகக் குறைந்தார்கள். பெரியம்மாவின் கண்ணாடியும் காது மெஷினும் வீட்டு அலமாரியில் இருந்தன. இரண்டையும் கொண்டுவந்து மாட்டி, ஜன்னல் திரையை விலக்கி, பெற்ற மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தோம். இரண்டே நாளில் தெளிந்துவிட்டார்.

சாப்பாட்டிலும் தப்பு செய்தோம். பத்தியம் என்று மூன்று வேளையும் கஞ்சி. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இந்தச் சமயத்தில் நாளுக்கு 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். கஞ்சியில் அதில் பாதிகூடச் சேராது. முட்டை, மீன், பருப்பு, தயிர், சுண்டல் என்று மாற்றியபின்தான் உடம்பில் தெம்பு வந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ராடின் நீளம்கூட எழுதியிருந்தது. எலும்பு ஏன் முறிந்தது என்று ஒரு வரி இல்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு உடைகிறதென்றால், அது ஏற்கெனவே உள்ளுக்குள் சல்லடையாகிவிட்டது என்று அர்த்தம். அதுதான் எலும்புப்புரை. அதற்கு மருந்து இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஜோலட்ரானிக் அமிலத்தை, இடுப்பு முறிவுக்கு அறுவை செய்துகொண்ட 2,127 பேரிடம் சோதித்த ஆய்வு 2007இல் வந்தது. மருந்து பெற்றவர்களிடம் புது முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. நாங்களாகப் போய்க் கேட்ட பிறகுதான் வைட்டமின் டி, சிறுநீரகப் பரிசோதனை பார்த்து அந்த ஊசி போட்டார்கள். கேட்காமல் விடும் வீடுகள் எத்தனையோ!

வீடு திரும்பியபின் பயிற்சியை விட்டுவிடுவதுதான் பெரிய இழப்பு. பழைய நடை எல்லோருக்கும் முழுதாகத் திரும்பிவிடாது, ஆனாலும் மாதக்கணக்கில் முன்னேற்றம் வந்துகொண்டே இருக்கும். பெரியம்மா நாற்காலியிலிருந்து கையூன்றி எழுந்து உட்காருவதைக் காலையும் மாலையும் பத்துப் பத்து முறை செய்தார். குளியலறையில் கைப்பிடி வைத்தோம், கால்மிதியை எடுத்துவிட்டோம். ஐந்தாம் மாதம் வாசல் படி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் என்று அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிக் கொடுத்திருந்தார். பெரியம்மா இன்றைக்கும் ஒவ்வொரு படிக்கும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் இறங்குகிறார்.