முள் காட்டும் பூஜ்யம்

மோட்டார் காரின் என்ஜினுக்குள் சுழலுகின்ற கிராங்க் ஷாஃப்ட்டும் அதைத் தாங்குகின்ற பேரிங்குகளும் ஒன்றையொன்று தீண்டாதபடி காத்து நிற்பது, அவற்றின் நடுவே அழுத்தத்தோடு செலுத்தப்படும் எண்ணெயின் மெல்லிய படலமே. இந்த அழுத்தத்தின் நிலையை அறிவிக்கப் பெரும்பாலான கார்களில் ஒரு சிவப்பு விளக்கு மாத்திரமே உண்டு. அதுவும் அழுத்தம் அநேகமாக அரை பார் அளவுக்கோ அதற்கும் கீழேயோ போன பிற்பாடுதான் எரியுமாதலால், வண்டியின்மீது சிரத்தையுள்ளவர்கள் கடையில் தனியாக ஓர் ஆயில் பிரஷர் மீட்டரை வாங்கி டேஷ்போர்டில் பொருத்திக்கொள்வது நியாயமான காரியமே. அப்படிப் பொருத்திய மீட்டரின் முள் ஒருநாள் திடீரெனப் பூஜ்யத்தில் விழுந்துவிட்டால், கெட்டது என்ஜினா மீட்டரா என்று நிச்சயிப்பது எவ்வாறு?

முதற்காரியம், வண்டியை ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுவது. வெளியில் வாங்கிய மீட்டர் அப்படித்தான் காட்டும் என்று அலட்சியமாக ஓட்டிச் செல்பவரின் அபிப்பிராயம் பல தடவை சரியாகவே இருக்கலாம். அது தவறிப்போகும் ஒரு தடவையில், எண்ணெய் கிட்டாத பேரிங்குகள் வெகு சீக்கிரத்தில் தேய்ந்து நாசமாகி, என்ஜினையே பிரித்துப்போட வேண்டிய விபரீதம் நேர்ந்துவிடும். டிப்ஸ்டிக்கை உருவி எண்ணெயின் மட்டத்தைப் பாருங்கள். அது குறையாதிருந்தாலும், மின்சாரத்தின் உதவியின்றி வேலை செய்யும் மெக்கானிகல் கேஜ் ஒன்றை, என்ஜினில் மீட்டருக்காகப் பொருத்திய சென்சாரைக் கழற்றிவிட்டு அதன் துவாரத்திலேயே திருகி அளந்து பார்ப்பது உத்தமம். பிரெஞ்சுக்காரரான யூஜீன் பூர்தோன் 1849-இல் காப்புரிமை பெற்ற வளைந்த குழாயே இன்றளவும் அதன் ஜீவன். உள்ளே அழுத்தம் ஏற ஏற அந்த வளைவு நிமிர முயலுகிறது, அந்த அசைவு முள்ளைத் திருப்புகிறது. என்ஜினைக் கிளப்பிச் சில விநாடிகளில் இந்தக் கேஜும் எழும்பாவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். எழும்பினால், ஆயிரம் சுற்றுக்குச் சுமார் 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. முடிவான பிரமாணம் அந்தந்தக் காரின் ஒர்க்‌ஷாப் மானுவலே.

அழுத்தம் திருப்தியாக இருக்குமானால் தோஷம் மின்சாரத்தின் பக்கம். ஒற்றை வயருள்ள சாதாரண சென்சார் என்பது அழுத்தத்துக்குத் தக்கபடி மாறும் ஒரு மின்தடைதான். அமெரிக்க வழக்கில் அது பெரும்பாலும் பூஜ்யத்தில் 240 ஓம், உச்சத்தில் 33 ஓம். ஐரோப்பிய வழக்கில் அதற்கு நேர்மாறாகப் பூஜ்யத்தில் 10 ஓம், உச்சத்தில் 180 ஓம். சாவியைப் போட்டு, சென்சாரின் வயரைக் கழற்றிவிட்டால் அமெரிக்க மீட்டரின் முள் கீழ்க்கோடியிலும், அதே வயரை என்ஜினின் சுத்தமான இரும்பில் ஒரு கணம் தொட்டால் மேற்கோடியிலும் நிற்க வேண்டும். ஐரோப்பிய மீட்டரில் இவை தலைகீழாகும். இவ்விரண்டு கோடிகளுக்கும் முள் போய்வருமானால் மீட்டரும் வயரும் நிரபராதிகள், சென்சாரையே சந்தேகிக்கலாம். மூன்று வயருள்ள புதுவகைச் சென்சார்களில் இந்தப் பரீட்சையைச் செய்யவே கூடாது.

ஒரு வகை மீட்டருக்கு மறுவகைச் சென்சாரை மாட்டிவிடுவது அடிக்கடி நேருகிற பிழை. அப்பொழுது என்ஜின் நின்றிருக்கையில் முள் உச்சத்தில் இருக்கும், அல்லது அழுத்தம் ஏறுகையில் கீழே இறங்கும்; எதுவும் பழுதாகாமலே எல்லாம் பழுதானதுபோல் தோன்றும்.

எர்த் விஷயத்திலோ இன்னும் அதிகக் கவனம் தேவை. ஒற்றை வயர் சென்சார் தன் மரையின் வழியாகவே என்ஜினோடு எர்த் ஆகிறது. எண்ணெய் கசியாதிருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் மரை முழுவதும் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றுகிறவர், அந்தச் சம்பந்தத்தை அறியாமலே துண்டித்துவிடக்கூடும். அதிர்வுக்கு அஞ்சிச் சென்சாரை ரப்பர் ஹோஸில் தூரமாக வைத்தால் அதற்குத் தனி எர்த் வயர் போட்டே ஆக வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சென்சாரின் உடலிலும் மறுமுனையைப் பாட்டரியின் நெகட்டிவிலும் வைத்தால் ஏறக்குறைய பூஜ்ய ஓம் காட்ட வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டவுடன் முள் அசைந்தால், மீட்டருக்குப் பின்னாலுள்ள எர்த்தைப் பாருங்கள்.

புதிதாக வாங்குவோர் மீட்டரையும் சென்சாரையும் ஒரே கம்பெனியின் ஜோடியாகக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்றால், ஓம் கணக்கைப் பெட்டியில் காட்டச் சொல்லுங்கள்.