குழியில் இறங்கிய பழைய கார்: வீல் அலைன்மென்ட்டுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது என்ன?

வடகிழக்குப் பருவமழை ஒரு வாரம் அடிச்சு நின்னா போதும், சென்னையில் எது குழி, எது வெறும் தண்ணீர் தேங்கிய ரோடுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. புது கார் இறங்கினால் ஒரு ‘டங்’, கொஞ்சம் எரிச்சல், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். அதே குழியில் தாத்தா காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, அப்பா விற்க மனசில்லாமல் வைத்திருக்கும் அம்பாசிடரோ இறங்கினால் கதையே வேறு.

பெரும்பாலானவர்கள் அடுத்த நாள் செய்வது ஒன்றுதான். அலைன்மென்ட் சென்டருக்குப் போவார்கள். கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் பச்சை காட்டும், ஸ்டியரிங் நேராகிவிடும், பில் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். பழைய காருக்கு இது ஆபத்தான நிம்மதி. அலைன்மென்ட் என்பது சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை அளப்பது. அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகம் உள்ளே விரிசல் விட்டிருக்கிறதா என்பது அந்தத் திரையில் தெரியாது.

குழி உண்மையில் என்ன செய்கிறது?

40 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் சுமார் 11 மீட்டர் கடக்கும். அரை மீட்டர் அகலக் குழியைத் தாண்ட அதற்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குள் ஸ்பிரிங் சக்கரத்தைக் கீழே தள்ளும், சக்கரம் போய் குழியின் எதிர் விளிம்பில் மோதும். உடைப்பது அந்த விளிம்புதான். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. பயத்தில் குழிக்குள்ளேயே பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். காரின் மூக்கு தாழ்ந்து முன்பக்க ஸ்பிரிங் ஏற்கெனவே சுருங்கியிருக்கும், அடியை வாங்க இடமே இருக்காது. பிரேக்கைக் குழிக்கு முன்னால் அடித்து, விளிம்புக்கு வரும்போது காலை எடுத்துவிட வேண்டும்.

பழைய காரில் ரப்பர் புஷ் கல்லு மாதிரி இறுகியிருக்கும், கிரீஸ் காய்ந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். குழி பெரும்பாலும் நல்ல பாகத்தை உடைப்பதில்லை, ஏற்கெனவே பாதி செத்த பாகத்தைத்தான் உடைக்கிறது. ரிப்பேரின் முதல் கேள்வி ‘எது உடைஞ்சது?’ மட்டும் இல்லை. ‘அடுத்து எது உடையக் காத்திருக்கு?’ என்பதும்தான்.

ஹெரால்டின் பித்தளைப் பிரச்சினை

இதற்கு ஹெரால்டை விட நல்ல உதாரணம் கிடைக்காது. நம்ம ஊர் கார் வேற. பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் சென்னையில் தயாரித்தது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ்.

இதன் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் துண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது ‘ட்ரன்னியன்’ என்ற பித்தளை நிறப் பாகத்துக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரைதான் சுழல்கிறது. காரின் முன்பக்க எடையும் அந்த இடத்தில்தான் இறங்குகிறது.

இதற்குப் போட வேண்டியது கிரீஸ் இல்லை, இ.பி. 90 போன்ற கெட்டியான கியர் ஆயில். ஆனால் கிரீஸ் நிப்பிளைப் பார்த்த கை சும்மா இருக்குமா? கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவார்கள். கெட்டியான கிரீஸ் மரையின் இடுக்கு முழுவதும் போகாது. தண்ணீர் போகும். வருஷக்கணக்கில் துருப்பிடித்து எஃகில் மெல்லிய விரிசல் விழும். ஒருநாள் குழியில் ஒரு அடி விழுந்ததும் அது பெரிதாகும். அன்றைக்கே உடையும் என்றுகூட இல்லை. பல சமயம் நிதானமாக பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போது ‘படக்’கென்று உடைந்து, சக்கரம் காருக்கு அடியில் மடங்கிவிடும். பார்க்கிங்கில் நடந்தால் அதிர்ஷ்டம். ஜி.எஸ்.டி. சாலையில், பின்னால் ஒரு லாரி வரும்போது நடந்தால்?

பிரிட்டனில் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் கார்களுக்காக இந்தப் பாகம் இப்போதும் புதிதாகக் கிடைக்கிறது. பழசை அளந்து ஒப்பிட்ட பிறகே ஆர்டர் போடவும். இடது, வலது மரைகள் எதிரெதிர் திசையில் இருக்கும், மாற்றி வாங்கினால் பயன்படாது. ட்ரன்னியனை மட்டும் மாற்றிவிட்டு, துருப்பிடித்த எஃகுத் துண்டை அப்படியே விடுவதும் வேண்டாம். ஒரு வசதி, ஹெரால்டின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழும். சஸ்பென்ஷன் முழுக்கக் கண் முன்னால் இருக்கும். பார்க்காமல் விட சாக்கு சொல்ல முடியாது!

பின்பக்கம் ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங் குறுக்கே கிடக்கும். காரை சமதளத்தில் நிறுத்திப் பின்னால் நின்று பாருங்கள். சக்கரங்களின் மேல்பகுதி உள்நோக்கி நன்றாகச் சாய்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது அல்லது ஒரு பட்டை உடைந்துவிட்டது. இந்த ஏற்பாடு இங்கே வாங்குபவர்களுக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் கம்பெனியே அதைக் கைவிட்டு சாதாரண ஆக்ஸிலுக்கு மாறியது.

அம்பாசிடருக்கு ஒன்றும் ஆகாதா?

‘அம்பாசிடர் டாங்கி மாதிரி சார்’ என்பதில் பாதி உண்மை உண்டு. முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார், அதாவது முறுக்கேறி அடியை வாங்கும் நீளமான எஃகுக் கம்பி. பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். ஆனால் ஹெரால்டு போல இதற்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். அதனால் டார்ஷன் பார் பொருந்தும் இடத்தில் தகடு துருப்பிடித்திருந்தால், குழியின் அடி கம்பியைத் தாண்டித் தகட்டைக் கிழிக்கும். கார் ஒரு மூலையில் தாழ்ந்து நின்றால் கம்பியை மட்டும் திருகி உயரம் ஏற்றி அனுப்பும் பட்டறை, நோயை விட்டு ஜுரத்துக்கு மாத்திரை கொடுக்கிறது. இன்னொன்று, கம்பிகளைக் கழற்றினால் இடது, வலது என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஓடிய கம்பி ஒரு திசையில் முறுக்குப் பழகியிருக்கும், மாற்றிப் போட்டால் உடையலாம்.

ஜாக்கி போட்டு 10 நிமிஷம்

காரைத் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்த பிறகு (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது) சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்கவில்லையென்றால் கிங்பின் அல்லது ட்ரன்னியன் பக்கம் சந்தேகம். இடது, வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரை அசையாமல் நீட்டினால் போதும். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம்மில் பெண்டு.

பட்டறையில் கறாராக இருக்க வேண்டிய இடங்கள்

வளைந்த ஆர்மை கேஸில் சூடாக்கி நிமிர்த்தித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பார்க்க நேராகும், பலம் போய்விடும். உடைந்த லீஃப் பட்டைக்கு வெல்டிங் வைப்பதும் அப்படித்தான். ஸ்பிரிங் எஃகின் குணமே வெப்பப் பதத்தில்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் தனித்தனி ஸ்பிரிங் இருக்கும் கார்களில், ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் கார் சாய்ந்து நிற்கும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், கூடவே யூ போல்ட்டும் புதுசு.

அதிகம் கவனிக்கப்படாத ஒன்று ரப்பர் புஷ். கார் தூக்கியிருக்கும்போதே, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். கீழே இறக்கியதும் புஷ் நிரந்தரமாக முறுக்கேறி நிற்கும், அடுத்த மழைக்குள் கிழிந்துவிடும். காரைத் தரையில் இறக்கி, எடை விழுந்த பிறகுதான் கடைசி இறுக்கம். இதெல்லாம் முடிந்த பிறகு, கொஞ்ச தூரம் ஓட்டி ஸ்பிரிங் செட் ஆனதும் போக வேண்டிய இடம்தான் அலைன்மென்ட் சென்டர்.

இன்சூரன்ஸ் வருமா?

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் வராது. ஓன் டேமேஜ் இருந்தால் குழியில் விழுந்த விபத்துச் சேதத்துக்குக் கேட்கலாம். ஆனால் தேய்மானம் பாலிசியிலேயே விலக்கு. துருப்பிடித்த ட்ரன்னியன் உடைந்தால் சர்வேயர் எந்தப் பக்கம் எழுதுவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வழக்கமான பாலிசியில் ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். 10 வருஷத்தைத் தாண்டிய காரின் உலோகப் பாகங்களுக்கும் அதே 50. டயர் மட்டும் கிழிந்தால் எதுவும் கிடையாது.

5 வருஷத்துக்கு மேற்பட்ட கார்களின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்கிறீர்கள். அதனால் அடுத்த ரினியூவலில் ஏஜென்ட் போடும் தொகைக்கு அப்படியே தலையாட்ட வேண்டாம். சஸ்பென்ஷன் வேலை பார்த்த பில்களையும், தேதி தெரியும் போட்டோக்களையும் எடுத்து வையுங்கள். மதிப்பு பேசவும் உதவும், பாகம் நல்ல நிலையில்தான் இருந்தது என்று சர்வேயரிடம் காட்டவும் உதவும்.