இருதயக் கதவும் காந்தக் கண்ணும்

குன்னூரை அடுத்த ஜெகதளாவில், மழைக்காலத்தில் தேயிலைச் சரிவுகளினூடே ஓடைகள் பாய்ந்து வருவதைக் காணலாம். ஓடையில் எவ்வளவு ஜலம் போகிறதென்று ஓர் எஞ்சினீயரைக் கேட்டால் அவர் என்ன செய்வார்? குறுக்குப் பரப்பை அளப்பார். நீரின் வேகத்தை அளப்பார். இரண்டையும் பெருக்கி விடை சொல்லிவிடுவார். அந்த ஓடை மனிதனின் மார்புக்குள்ளே ஓடினால்?

நம் இருதயத்தில் நான்கு வால்வுகள் உண்டு. அவை ஒருபுறமாக மட்டும் திறக்கும் கதவுகள். சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலினாலோ, முதுமையினாலோ அவை கெடுவதுண்டு. சரியாகத் திறக்காவிட்டால் ரத்தம் தடைப்படும். சரியாக மூடாவிட்டால் போன ரத்தமே திரும்பி ஒழுகும். அதை ஈடுசெய்ய இருதயம் ஆண்டுக்கணக்கில் அதிகமாக உழைத்து, நோயாளி அறியாமலே விரிந்து தளர்ந்துவிடக்கூடும்.

இங்கேதான் டாக்டருக்குத் தர்மசங்கடம். அவசரப்பட்டு உலோக வால்வு பொருத்தினால், ரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டும். தாமதித்தாலோ, தளர்ந்த இருதயம் பழைய பலத்தைப் பெறாமலே போகலாம். ஆகவே, "எவ்வளவு ஒழுகுகிறது?" என்பது உயிர்க் கேள்வி.

ஸ்டெதாஸ்கோப்பும், ஒலி அலைகளால் பார்க்கும் எக்கோ பரீட்சையுமே பெரும்பாலோருக்குப் போதும். ஒழுக்கு கோணலாகப் பாய்ந்தாலும், எக்கோ படம் தெளிவாக விழாவிட்டாலும் சந்தேகம் எழும். அப்போது கைகொடுப்பது எம்.ஆர்.ஐ. இதற்கு அடிகோலிய பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்பீல்டு இருவரும் 2003-ல் நோபல் பரிசு பெற்றனர்.

அதன் உபாயம் இதுதான். பலத்த காந்தத்தினுள் ரத்தத்திலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பம்பரம்போல் சுழன்று ரேடியோ சமிக்ஞை தருகின்றன. காந்த பலத்தை இடத்துக்கு இடம் சிறிது மாற்றி, உடனே அதை நேர்மாறாகத் திருப்பினால், அசையாத அணுக்கரு பழைய நிலைக்கே வந்துவிடும். ஓடுகிற அணுக்கரு மட்டும் சுழற்சியில் சற்று முந்தியோ பிந்தியோ நிற்கும். அந்த வித்தியாசமே வேகத்தின் அளவு. ரத்தக் குழாயின் பரப்பைப் படமே காட்டுகிறது. பிறகு, எஞ்சினீயரின் ஓடைக் கணக்குத்தான்! ஒரு துடிப்பில் 90 மில்லி லிட்டர் வெளியே போய் 30 திரும்பினால், ஒழுக்கு மூன்றில் ஒரு பங்கு. "மிதம்", "கடுமை" என்ற சொற்களுக்குப் பதில் ஓர் எண் கிடைத்துவிடுகிறது.

இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. ஆனால் குறைகள் உண்டு. குறுகிய வால்வினூடே சீறும் ரத்தத்தின் உச்ச வேகத்தை இது குறைத்துக் காட்டக்கூடும். துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் படம் கலங்கும். பேஸ்மேக்கர் வைத்திருப்போர் முன்னதாகவே அதைச் சொல்லிவிட வேண்டும்.

மாற்று வால்வுக்கு நாம் அந்நிய நாட்டையே நம்பியிருந்த காலமும் போயிற்று. டாக்டர் வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தார் உருவாக்கிய சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் லட்சத்துக்கும் அதிகமானோர் அதைப் பெற்றிருக்கின்றனர்.

எனினும், முதற் காவல் வீட்டிலேயே இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சலுடன் தொண்டைப் புண் வந்தால் அலட்சியம் செய்யாது டாக்டரிடம் காட்டுங்கள். அவர் அவசியமென்று கண்டு தக்க தருணத்தில் கொடுக்கும் பெனிசிலின், ருமாட்டிக் காய்ச்சலையே தடுத்து, அந்தச் சிறு கதவுகளைக் காப்பாற்றும்.