மாமனார் சொல் பொறுக்கினார்! மாப்பிள்ளை கல் பொறுக்கினார்!
ஏற்காட்டில் கண்மூடிய பாதிரியாரின் சிரிப்பு மூட்டை

மாரமங்கலம்:
சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. அங்கிருந்து காப்பித் தோட்டங்களைத் தாண்டிப் போனால் மாரமங்கலம். மலையானாலும் சமவெளியானாலும் நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் நேராகச் சொல்லமாட்டார்கள். ஒரு பழமொழியைப் போட்டு ஆளை மடக்கிவிடுவார்கள்.

அந்தப் பேச்சில் மயங்கி, அதை மூட்டை மூட்டையாகச் சேர்த்தார் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். பெயர் பீட்டர் பெர்சிவல். 1882-ல் அவர் காலமானது இந்த ஏற்காட்டில்தான்.

பாதிரியார் என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? வெள்ளை அங்கி, ஜெபப் புத்தகம், ஒரு மணி நேரப் பிரசங்கம்! பெர்சிவல் அதோடு நிற்கவில்லை. கடைத்தெருவிலும் கிணற்றடியிலும் வழங்குகிற பழமொழிகளைத் திரட்டி 1843-ல் யாழ்ப்பாணத்தில் ஒரு புத்தகம் போட்டார். 1874-ல் சென்னையில் வந்த பதிப்பில் 6 ஆயிரத்துக்கும் மேல் பழமொழிகள்! எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் அர்த்தம் வேறு!

கோயில் பூனை

பழமொழிக்காரன் சாமி வீட்டையும் விடமாட்டான். "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான்" என்பான். "கோயில் பூனை தேவர்க்கு அஞ்சுமா" என்று கேட்பான். தேவாலயத்துக்கு மட்டும் இது பொருந்தாதா என்ன? ஞாயிற்றுக்கிழமை மணியடிக்கிற கோயில்பிள்ளையைப் பாருங்கள். நரகத்து நெருப்பைப் பற்றி ஐயர் முழங்குவார். பெஞ்சில் இருக்கிற ஜனம் நடுங்கும். கோயில்பிள்ளை மட்டும் தூணில் சாய்ந்து சுகமாகத் தூங்குவார். வருஷக்கணக்கில் கேட்டவர் ஆயிற்றே!

வெள்ளிக்கிழமை விவகாரம்

யாழ்ப்பாணத்தில் இருந்தபோது பைபிளைத் தமிழில் பெயர்க்கும் வேலை பெர்சிவல் கைக்கு வந்தது. துணைக்கு யாரை வைத்துக்கொண்டார் தெரியுமா? அசல் சைவரை! பின்னால் ஆறுமுக நாவலர் என்று பெயர் வாங்கினாரே, அவரைத்தான்!

பகலில் பாதிரியார் பக்கத்தில் உட்கார்ந்து பைபிள் எழுதினார் நாவலர். 1847 டிசம்பர் 31 முதல், வெள்ளிக்கிழமை தோறும் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் செய்தார். ஒரே ஆள்தான்!

இன்றைக்கு நம் ஆபீஸ்களில் இப்படி நடந்தால் மறுநாளே மெமோ பறக்கும். பெர்சிவல் சீட்டைக் கிழிக்கவில்லை. 1848-ல் நாவலர்தான் தானாக விலகினார். சம்பளம் கூட்டித் தருகிறேன் என்று பாதிரியார் கெஞ்சியும் நிற்கவில்லை என்பார்கள்.

அந்த மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுபோய் மழவை மகாலிங்கையரிடம் காட்டியிருந்தார்கள். தமிழ் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். சைவர் கை வைத்து, ஐயர் பார்த்து ஒப்பிய பைபிள்! ஆனால் 1850-ல் அச்சாகி வந்தபோது சபைக்காரர்களிடம் அது எடுபடவில்லை. இத்தனை வருஷப் பாடும் அப்படியே போயிற்று. வேறு ஆளாக இருந்தால் தமிழே வேண்டாம் சாமி என்று கப்பல் ஏறியிருப்பார்.

இவரோ சென்னையில் 1855-ல் 'தினவர்த்தமானி' என்று பத்திரிகை ஆரம்பித்துவிட்டார். ஆக, நம் தொழிலும் பார்த்தவர்! பழமொழி மூட்டையையும் கீழே வைக்கவில்லை. சாகிற வயசு நெருங்குகிறபோதுதான் அந்த 6 ஆயிரம் வெளியே வந்தது.

கல்லும் சாமியும்

பெர்சிவலின் மகளைக் கட்டியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். மண் ஆராய்ச்சிக்காரர். 1863 மே 30-ல் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். ஆதி மனிதன் செதுக்கிய ஆயுதம் அது! அன்றிலிருந்து மாப்பிள்ளைக்குக் கல் பொறுக்குவதே வேலை. ரிட்டயரான பிறகு ஏற்காட்டில் வீடு போட்டுத் தங்கினார்.

இந்தச் சேர்வராயன் மலையிலும் வழுவழுப்பான கற்கோடரிகள் கிடைத்திருக்கின்றன. ஆராய்ச்சிக்காரர்கள் தேடிக்கொண்டு வந்தால், மலை ஜனங்கள் அவற்றை ஏற்கெனவே பிள்ளையார் கோயிலில் வைத்திருந்தார்கள்! துரைக்கு ஆயுதம், நமக்குச் சாமி!

ஃபூட் 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அவருடைய நினைவுக்கல் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அடுத்த முறை மலை ஏறுகிறவர்கள் படகு சவாரிக்கு முன்னால் அங்கேயும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆராதனை முடிகிற வரை வெளியே நிற்க வேண்டியிருக்கும்!